மருந்து இல்லைங்க, நொதி

பிப்ரவரி 3, திங்கள்

இந்த நோட்டு தில்லைநாயகம் சார் கொடுத்தது. இரண்டு கொடுத்தார். "தினமும் கண்ணுல படறத எழுதுங்க மேடம், பெருசு சின்னதுன்னு பாக்காதீங்க" என்றார். ஒன்றைத் தொட்டிக் கணக்குக்கு வைத்துக்கொண்டேன். இது எனக்கு. கண்ணில் படுவது எல்லாவற்றையும் தொட்டிக் கணக்கில் எழுத முடியாது இல்லையா.

முதலில் கண்ணில் பட்டது அவர்தான். மரக்காணம் கடற்கரையில் இருக்கும் எங்கள் இறால் குஞ்சு ஹேச்சரிக்குத் தினம் நாலு வண்டி வரும், போகும். பெரும்பாலும் குஞ்சு வாங்க வரும் பண்ணைக்காரர்கள். இவர் ஆட்டோவில் வந்தார். மடியில் தெர்மாகோல் பெட்டி, தோளில் பை, அக்குளில் குடை. பிப்ரவரியில் எதற்குக் குடை என்று என்னோடு வேலை செய்யும் பச்சையம்மா கேட்டாள். "வெயிலுக்கு" என்றார். பெட்டியை இறக்கி நிழலில் வைத்துவிட்டு, குடையை விரித்துப் பெட்டிக்குப் பிடித்தார். அவர் வெயிலில் நின்றார்.

சிதம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். வயது நாற்பத்து நாலு. ஏழு வருடமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறார். அதன் கடைசிப் பரிசோதனைக்கு எங்கள் முதலாளியிடம் நாலு தொட்டி கேட்டு வாங்கியிருக்கிறார். வழியில் பஸ் பழுதாகி மூன்று மணி நேரம் நின்றுவிட்டதாம். பெட்டியைத் திறந்தபோது ஐஸ் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. புட்டிகளைத் தொட்டுப் பார்த்து, "சுவாரஸ்யம்" என்றார். பிறகு, "ஜில்லுனுதான் இருக்கு" என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். என் கை எவ்வளவு ஜில்லென்று இருந்ததோ அவ்வளவுதான் புட்டியும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் குஞ்சு விட்டோம். தொட்டிக்குப் பத்து லட்சம். ஒன்றும் இரண்டும் வெறும் தொட்டி. ஒப்பிட்டுப் பார்க்க அவற்றில் எதுவும் ஊற்றுவதில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் சாருடைய மருந்து.

மருந்து என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"மருந்து இல்லைங்க, நொதி."

"ரெண்டும் ஒண்ணுதான சார்? வியாதி வராம இருக்கத்தான ஊத்தறீங்க?"

"மருந்துன்னா கிருமியக் கொல்லும். இது கொல்லாது." டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வகுப்பு ஆரம்பம் என்று புரிந்தது. "உங்க தொட்டியில ஒளி விடுற கிருமி வருது இல்ல? அது ஒண்ணு ரெண்டா இருக்கறப்ப பரம சாது. ஒவ்வொண்ணும் தண்ணியில ஒரு ரசாயனத்த விட்டுக்கிட்டே இருக்கும். கூட்டம் சேரச் சேர அந்த ரசாயனமும் சேரும். ஒரு அளவு வந்ததும், ஓகோ, நாம நெறையப் பேர் இருக்கோம்னு அதுங்களுக்குப் புரிஞ்சிடும். அதுக்கப்பறம்தான் எல்லாம் ஒரே சமயத்துல வெளிச்சம் போடும், விஷம் விடும். அதுவரைக்கும் வாயத் தொறக்காது."

"எங்க மீன் மார்க்கெட் சங்கம் மாதிரி" என்றேன்.

"அதேதான். இந்த நொதி என்ன பண்ணும்னா, அந்த ரசாயனத்த நடுவுல வெட்டிடும். ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் போய்ச் சேராது. ஆயிரம் பேர் இருந்தாலும் ஒவ்வொண்ணும் தான் மட்டும் தனியா இருக்கறதா நெனச்சுக்கிட்டு சும்மா கெடக்கும்."

தொட்டி தேய்த்துக்கொண்டிருந்த பச்சையம்மா நிமிர்ந்தாள். "எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு சொட்டு குடுங்க சார்."

சார் சிரிக்கவில்லை. மனிதர்களுக்கு அந்த ரசாயனம் கிடையாது என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினார்.

பிப்ரவரி 6, வியாழன்

குஞ்சுகள் நன்றாக இருக்கின்றன. சாருக்குக் கொடுத்த ரப்பர் பூட்ஸ் இரண்டு சைஸ் பெரிது. நடந்தால் அவர் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுகிறது. சின்ன சைஸ் ஒரு ஜோடி ஆபீஸ் அறையில் இருக்கிறது. ஞாபகம் வரும்போது கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

ஸ்டோர் ரூம் ஜன்னலுக்குக் கறுப்பு பாலித்தீன் ஒட்டி, பட்டப்பகலை இருட்டாக்கி, நாலு தொட்டித் தண்ணீரையும் கண்ணாடிக் குவளையில் வைத்துப் பார்த்தோம். கண் பழகப் பத்து நிமிடம் ஆகும், பேசாமல் உட்கார வேண்டும் என்றார். உட்கார்ந்தோம். ஆறாவது நிமிடம் அவரே பேசினார்.

"ஆராய்ச்சி முடிஞ்சதும் கல்யாணம்னு வீட்ல சொல்லியிருந்தேன்."

"முடிஞ்சுதா சார்?"

"எது?"

"ஏதாவது ஒண்ணு."

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. என்னைப் பற்றிக் கேட்டார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது, ஹேச்சரி குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறேன், இங்கே பதினாலு வருடம் என்று சொன்னேன். "அப்ப குஞ்சுகதான் உங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முடிக்காததே நல்லது. பத்து லட்சம் பிள்ளை பெற்றவள் என்று என்னை ஏற்கெனவே நிறையப் பேர் கேலி செய்தாகிவிட்டது.

குவளைகளில் இன்னும் வெளிச்சம் இல்லை. நாலிலும் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

நல்ல நாள் இல்லை.

தின்ற குஞ்சுக்குப் பின்னால் நூல் மாதிரி எச்சம் தொங்கும். அதைப் பார்த்தால் வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். காலையில் எடுத்த குவளையில் பாதிக் குஞ்சுகளுக்கு நூல் இல்லை. அடியில் போய்ப் படுக்கின்றன. ஸ்டோர் ரூமில் வைத்துப் பார்த்தால் நாலு குவளையும் நீலமாக மினுங்குகிறது. ஒன்றும் இரண்டும் மினுங்கினால் நியாயம். மூன்றும் நான்கும் அதே வெளிச்சம்.

நாலு வருடம் முன்பு இப்படித்தான் மினுங்கியது. அப்போது ஆன்டிபயாடிக் போட்டோம். எல்லா ஹேச்சரியிலும் போட்டார்கள். அந்தக் குஞ்சை வளர்த்த பண்ணையின் சரக்கு, மருந்து எச்சம் இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. முதலாளி அன்றைக்கே ஹேச்சரியில் இருந்த மருந்தையெல்லாம் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். இனி இந்த வாசலுக்குள் ஒரு பொட்டலம் வரக்கூடாது என்றார். புதைத்தது நான்தான்.

சார் பம்பு ரூம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏழு வருஷம் மேடம்" என்றார்.

"தொட்டின்னா நாலு சாவும் சார்."

"லேபுல ஒரு தடவகூடத் தோத்ததில்ல. இங்க வந்ததும் எதுவுமே கேக்க மாட்டேங்குது." தட்டைப் பார்த்தார். "எல்லாக் குஞ்சும் செத்துட்டா உங்க முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

வஞ்சிர மீன் வறுவலை அப்படியே வைத்துவிட்டார். அதற்காக ஒருவரைப் பார்த்து இவ்வளவு வருத்தப்படக் கூடாது. மீன் விற்கிற விலைக்கு வருத்தம் வரத்தான் செய்யும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. சாயங்காலம் ஸ்டோர் ரூம் மேல் அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். நெடுநாளாகத் தள்ளிப்போட்ட வேலை.

பிப்ரவரி 12, புதன்

ஐந்தரைக்கே எழுந்து தொட்டிப் பக்கம் போய்வந்தேன். ஏழு மணிக்கு சார் வந்து நொதி ஊற்றினார்.

என் விரல்களைப் பார்த்து, "கையில என்னாம்மா மஞ்சளு?" என்றாள் பச்சையம்மா.

"மஞ்சள் அரைச்சேன்."

"நம்மகிட்ட அம்மியே இல்லியே."

இவளுக்குத் தொட்டி தேய்க்கிற வேலை. அதில் மட்டும் கண் மங்கல்.

பிப்ரவரி 15, சனி

மூன்றும் நான்கும் எழுந்துவிட்டன. நூல் தொங்குகிறது, துள்ளுகின்றன, இருட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஒன்றிலும் இரண்டிலும் பாதிக்கு மேல் போய்விட்டது.

சார் குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். பிறகு அந்தப் பெரிய பூட்ஸோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். பச்சையம்மாவுக்கு இரண்டு, எனக்கு நாலு. "நீங்க சரியான நேரத்துக்குத் தீனி போட்டதும் ஒரு காரணம் மேடம்" என்றார். கல்லூரியிலிருக்கும் தன் வழிகாட்டிக்கு போன் போட்டார், அக்காவுக்குப் போட்டார், பேசும்போதெல்லாம் "அஞ்சலாட்சி மேடம்னு ஒருத்தங்க" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

மைசூர்பாகை அப்படியே பொட்டலத்தில் மடித்து வைத்துவிட்டேன். நெய் பழசாக இருக்கும்.

இன்று வெள்ளையில் பச்சைக் கோடு போட்ட சட்டை. இஸ்திரி போட்டது. நான் கவனிக்கவில்லை, கண்ணில் பட்டது.

பிப்ரவரி 17, திங்கள்

தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, தட்டில் ஊற்றி வைத்த கூழில் தடவிவிட்டால் மறுநாள் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைக்கும். எண்ணிப் பார்த்தால் தண்ணீரில் எத்தனை என்று தெரிந்துவிடும். சார் அதை இன்று எண்ணினார். ஒன்றிலும் இரண்டிலும் எண்ண முடியாத அளவு. மூன்றில் ஏழு புள்ளி. நான்கில் பதினொன்று.

"சுவாரஸ்யம்" என்றார். பஸ்ஸில் ஐஸ் உருகிய அன்றும் இதே குரல்தான்.

"கொறைஞ்சா நல்லதுதான சார்?"

"குறையக்கூடாதுங்க." மறுபடி எண்ணினார். "என் நொதி கொல்லாது. பேச்சத்தான் வெட்டும். கிருமி அதே அளவு இருக்கணும், வெளிச்சம் மட்டும் இருக்கக்கூடாது. இங்க கிருமியே இல்ல. ஏதோ ஒண்ணு கொன்னிருக்கு."

"தண்ணி மாத்தினோமே, அதுல போயிருக்கும்."

"நாலு தொட்டிக்கும்தான மாத்தினோம்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு, குஞ்சுத் தீனிக்கு ஆர்ட்டீமியா முட்டை பொரிக்க வைக்கப் போனேன். அது நேற்றே பொரிக்க வைத்தாகிவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்றுப் புதிதாகத் தடவி வைத்ததை எண்ணினார். அதே ஏழு, அதே பதினொன்று.

வழிகாட்டியிடம் போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கேட்டது. நானாகப் போய்க் கேட்கவில்லை. "கொன்னா இன்னும் நல்லதுய்யா. பேச்சையும் வெட்டுது, ஆளையும் கொல்லுதுன்னு எழுதிடு. ஏழு வருஷம் ஆச்சு, முடிச்சுட்டு வா" என்றது அந்தக் குரல்.

"என்னன்னு தெரியாதத எப்படி சார் எழுதறது?" என்றார் இவர்.

போனை வைத்த பிறகு என்னிடம், "ஒருவேள ஏழு வருஷமா நொதின்னு நான் நெனச்சது நொதியே இல்லையோ என்னவோ. புட்டியில வேற ஏதாவது விஷம் கலந்திருக்கலாம். முதல்லேர்ந்தே தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கேன் போல" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒரு எண்ணைத் தேடுகிற மாதிரி இருந்தது.

அவரிடம் எரிந்து விழுந்தேன். குஞ்சு பிழைத்ததே பெரிது, இப்படி ஒவ்வொன்றையும் நோண்டிக்கொண்டிருந்தால் எழுபது வயதிலும் ஆராய்ச்சி முடியாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. "அது வாஸ்தவம்" என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

பிப்ரவரி 19, புதன்

முதலாளி வரதராஜுலு ரெட்டியார் வந்திருந்தார். மூன்றாம் தொட்டியில் கையை விட்டு ஒரு குவளை மொண்டு பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது இந்தப் பதினாலு வருடத்தில் மூன்றாம் முறை.

"வாத்தியாரே, அடுத்த பேட்ச் பன்னெண்டு தொட்டிக்கும் உங்க சரக்குதான். வேதாரண்யத்துப் பண்ணைக்காரர் ஒரு கோடிக் குஞ்சு கேட்டிருக்கார். மருந்தே போடாத குஞ்சுன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

சார் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். "இன்னும் ஒண்ணு ரெண்டு சந்தேகம் இருக்குங்க" என்றார் அவர்.

"சந்தேகம் உங்களுக்கு. எனக்குக் கண்ணு இருக்கு" என்று முதலாளி காரில் ஏறிவிட்டார்.

மருந்தே போடாத குஞ்சு. அதை எனக்கு நேராக நின்று சொன்னார்.

இந்த நோட்டு எனக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அப்படியும் பதினொன்றாம் தேதியில் அலமாரியை ஒழுங்குபடுத்தினேன் என்று எழுதிவிட்டு விளக்கை அணைத்திருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று பயந்தேனோ தெரியவில்லை.

நாலு வருடம் முன்பு எல்லாப் பொட்டலத்தையும் நான் புதைக்கவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டேன். பழைய சல்லடைகளுக்குப் பின்னால், மேல் அலமாரியில். எதற்கும் இருக்கட்டும் என்று. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, மூன்று நாள் விடிகாலையில் அந்த மஞ்சள் தூளை மூன்றிலும் நான்கிலும் கரைத்து ஊற்றினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சார் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பச்சையம்மா பால் வாங்கப் போயிருந்தாள். முதலில் வேறு எதையாவது பேசிவிட்டு மெதுவாக வரலாம் என்று நினைத்திருந்தேன்.

"அதுங்களக் கொன்னது நான்தான் சார்" என்றேன்.

"எதுங்கள?"

"கிருமிய. ஆன்டிபயாடிக் போட்டேன். மூணுலயும் நாலுலயும்."

தண்ணீரை நிறுத்தினார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எப்ப?"

"பன்னெண்டு, பதிமூணு, பதினாலு."

"எவ்ளோ?"

சொன்னேன். பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அந்த நேரத்திலும் எழுதினார். எழுத்து எப்போதும் போல நேராக இருந்தது.

"ஏன்?"

"குஞ்சு சாவுது சார். பாத்துக்கிட்டு எப்படி நிக்கறது?"

"ஒண்ணுலயும் ரெண்டுலயும்கூடத்தான செத்துச்சு. அதுல ஏன் போடல?"

கழுவிய தட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். அவர் காத்திருந்தார், அப்புறம் காத்திருப்பதை விட்டுவிட்டார்.

"நேத்துவரைக்கும் என் மூளைலதான் கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். "நீங்க பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தீங்க."

கத்தியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன். பையை எடுத்துக்கொண்டு பதினொன்றரை பஸ்ஸுக்குப் போனார். குடையை மறந்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 21, வெள்ளி

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"பதினாலு வருஷம், அஞ்சலாட்சி" என்றார். வேதாரண்யத்துக்கு போன் போட்டு, குஞ்சு இந்த மாதம் இல்லை என்றார். பிறகு கையை நீட்டினார். ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்தேன். அதைப் பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

மூன்றையும் நான்கையும் விற்கக்கூடாது, கடலிலும் விடக்கூடாது. குளோரின் போட்டு அழிக்க வேண்டும். நானே போட்டேன். பதினைந்து லட்சத்துக்கு மேல் இருக்கும். எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. அரை மணி நேரம் ஆனது. பச்சையம்மா பக்கத்தில் வந்து ஒன்றும் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நின்றதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பச்சையம்மா சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறாள். ஒரு பிளாஸ்டிக் வாளி வேண்டும் என்றேன். "எதுக்கு?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

தொட்டிகளைக் காயவைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சாரிடமிருந்து போன் வந்தது. எடுக்கலாமா என்று யோசிக்கும்போதே எடுத்துவிட்டேன்.

"மேடம், மிச்சம் இருந்த புட்டியைச் சோதிச்சுட்டேன்." வணக்கம், நலம் எதுவும் இல்லை. "ஒரு ஊதாக் கிருமி இருக்கு. அதுங்க ஒண்ணோட ஒண்ணு பேசினாத்தான் ஊதா நிறம் வரும். நொதி உயிரோட இருந்தா நிறம் வராது, வெள்ளையா இருக்கும்."

"என்ன நிறம் வந்துச்சு சார்?"

"கத்திரிப்பூ ஊதா. நொதி அன்னிக்கு பஸ் சூட்டுலயே செத்துப்போச்சு. அத்தன நாளும் நான் தொட்டிக்கு ஊத்தினது வெறும் தண்ணி."

கையில் இருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். போனில் கல்லூரி மணி அடிப்பது கேட்டது.

"அன்னிக்கு ஐஸ் உருகினத நான் நோட்டுல எழுதல" என்றார். "குளிர்நிலை திருப்தின்னு எழுதினேன். உங்களுக்கு மட்டும் கண்ணுல படறத எழுதுங்கன்னு சொல்லிட்டு."

"எனக்கும்தான் தெரியும் சார். நானும் தொட்டுப் பாத்தேனே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க ஜில்லுனு இருக்குன்னு சொன்னீங்க."

சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. இருமலாகவும் இருக்கலாம். திரும்ப வரலாமா என்று முதலாளியிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். நானா கேட்பது என்றேன். வேறு யாரை எனக்குத் தெரியும் என்றார்.

மார்ச் 5, புதன்

முதலாளி ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. நாலு தொட்டிக்கும் மூடி, மூடிக்குப் பூட்டு, பூட்டுச் சாவி பச்சையம்மாவிடம்.

சார் வாடகைக் காரில் வந்தார். இரண்டு பெட்டி, இரண்டிலும் ஐஸ் கெட்டியாக இருந்தது. வெப்பமானி செருகியிருந்தது. காரை விட்டு இறங்கியதும் என் முன்னால் நீட்டி, "படிங்க" என்றார். நாலு டிகிரி என்று படித்தேன். "எழுதுங்க" என்றார். எழுதினேன். என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. வெப்பமானியைத்தான் பார்த்தார்.

சின்ன சைஸ் பூட்ஸை எடுத்துக் கொடுத்தேன். "இது இவ்ளோ நாள் எங்க இருந்துச்சு?" என்றார். இப்போதுதான் வந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆபீஸ் அறையில் இருந்தது என்றேன்.

மார்ச் 6, வியாழன்

குஞ்சு விட்டோம். தொட்டிக்குப் பத்து லட்சம். பழையபடி ஒன்றும் இரண்டும் வெறும் தொட்டி.

மார்ச் 12, புதன்

ஒன்றும் இரண்டும் மினுங்க ஆரம்பித்துவிட்டன. குஞ்சுகள் அடியில் படுக்கின்றன. மூன்றிலும் நான்கிலும் வெளிச்சம் அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். விளக்குத் திரியை இறக்கி வைத்த மாதிரி ஒரு மங்கல். சில குஞ்சுகள் அங்கேயும் சாகின்றன. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நிஜமாகவே கட்டிக்கொண்டேன்.

ஒன்றாம் தொட்டி ஓரத்தில் நின்றபோது சார் வந்தார். "கஷ்டமா இருக்கா?" என்றார். அந்த நாளுக்குப் பிறகு தொட்டியைத் தவிர வேறு ஒன்றைப் பற்றி அவர் கேட்டது இதுதான் முதல்.

"சாவி பச்சையம்மாகிட்ட இருக்கறது எவ்ளோ நல்லது தெரியுமா சார்" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

தட்டில் எண்ணினோம். நான் ஒரு தரம், அவர் ஒரு தரம், தனித்தனியாக. ஒன்றில் இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி, இரண்டில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மூன்றில் இருநூற்று ஐந்து, நான்கில் இருநூற்று இருபது.

ஆக எல்லாத் தொட்டியிலும் கிருமி ஒரே அளவு. மூன்றிலும் நான்கிலும் யாரும் யாரையும் கொல்லவில்லை. அத்தனை பேரும் அங்கேயே இருக்கிறார்கள், பக்கத்தில் ஆள் இருப்பது தெரியாமல்.

சார் எழுந்து பம்பு ரூம் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோற்றுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். இந்த முறை வஞ்சிரம் இல்லை, மத்திதான். முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

மார்ச் 26, புதன்

அறுவடை. ஒன்றில் முப்பத்தொரு சதவீதம் பிழைத்தது, இரண்டில் இருபத்தெட்டு. மூன்றில் ஐம்பத்தெட்டு, நான்கில் ஐம்பத்து நாலு.

முதலாளி முகத்தில் சிரிப்பு இல்லை. "போன தடவ இதவிட நல்லா இருந்துச்சே" என்றார்.

"போன தடவ பொய்ங்க" என்றார் சார். எனக்குத் தலை குனிந்தது. "இது நிஜம். நிஜம் இவ்ளோதான் இருக்கும்."

முதலாளி குவளையை வெளிச்சத்தில் தூக்கிக் குஞ்சைப் பார்த்தார். மாதிரியை மருந்து எச்சப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். அது சுத்தமாக வந்தால் அடுத்த பேட்சுக்கு இரண்டு தொட்டி மட்டும் கூடுதலாகத் தருகிறேன், பன்னிரண்டெல்லாம் இல்லை என்றார். போகும்போது பச்சையம்மாவிடம் ஸ்டோர் ரூம் சாவியைக் கேட்டு வாங்கினார். எனக்குத்தான் வரப்போகிறது என்று கையைத் துடைத்துக்கொண்டேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பச்சையம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மார்ச் 28, வெள்ளி

சார் நாளை ஊருக்குப் போகிறார். மத்தியானம் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஆய்வேட்டுக்கு வேண்டிய அட்டவணைகளை எழுதிக்கொண்டிருந்தார். முதல் பரிசோதனையை விட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன். அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். நாலு தொட்டி, தேதிகள், எண்ணிக்கைகள், பஸ்ஸில் உருகிய ஐஸ். கடைசியில், 'முதல் பரிசோதனை நிராகரிக்கப்பட்டது. காரணம்:' என்று எழுதிவிட்டு, ஒரு தாளைக் கிழித்து என்னிடம் தள்ளினார்.

"காரணத்த நீங்க எழுதிக் குடுங்க. எனக்குத் தெரிஞ்சத எழுதினா அது என் ஊகமாயிடும்."

"என்ன எழுதறது?"

"அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். ஒண்ணுலயும் ரெண்டுலயும் ஏன் போடலன்னு. நீங்க பதில் சொல்லல."

பேனாவை வாங்கிக்கொண்டேன். வெளியே பச்சையம்மா வாளியைப் போட்டு உருட்டும் சத்தம் கேட்டது. அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. எழுதினேன்:

'மூன்றும் நான்கும் உங்கள் தொட்டிகள். அதனால்.'

தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். ஒரே ஒரு வரிதான். அதைப் படிக்க அந்த மனிதருக்கு அவ்வளவு நேரம் எப்படி ஆனதோ. காது இரண்டும் சிவந்துவிட்டன. நாற்பத்து நாலு வயதில்.

அட்டவணையோடு சேர்த்துக் குத்துவார் என்று ஸ்டேப்ளரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதிதாக ஒரு தாள் கிழித்தார்.

"இத நான் வெச்சுக்கறேன்" என்றார். "பல்கலைக்கழகத்துக்கு வேற ஒண்ணு எழுதிக் குடுங்க."

'ஹேச்சரிப் பணியாளர் அனுமதியின்றி ஆன்டிபயாடிக் கலந்தார்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதுவும் உண்மைதான்.